ஏழாவது வளைவு

டாக்டர் பேனாவின் மூடியைக் கழற்றிப் படிவத்தின் ஓரத்தில் வைத்துவிட்டு, மூன்றாவது முறையாக அதையே கேட்டார்.

"கடைசியா எப்போம்மா பேசினார்?"

"பத்தே முக்கால் இருக்கும்," என்றாள் சின்னவள்.

"நீங்க திரும்பிப் பாத்தது?"

"பதினொண்ணு இருபத்தஞ்சு."

"நடுவுல?"

கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த தொலைக்காட்சியில் ஒரு சிவப்பு மோட்டார் சைக்கிள் பாதி சாய்ந்தபடி அப்படியே நின்றுகொண்டிருந்தது. டாக்டர் அதைப் பார்த்தார். பார்க்காததுபோல் படிவத்துக்குத் திரும்பினார். நாகரிகமான மனிதர்.

"பக்கத்துலயேதான் டாக்டர் இருந்தா," என்றான் அண்ணன். "நாலடி தூரம். நாலே அடி."

"பதினொரு மணின்னு போட்டுடறேன். ஏறக்குறைய சரியாத்தான் இருக்கும்."

"பதினொண்ணு பத்துன்னு போட முடியுமா?"

இரண்டு பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"பத்து நிமிஷத்துல என்ன வந்துடப்போகுது?" என்றான் அண்ணன்.

அந்தப் பத்து நிமிஷத்தில்தான் எல்லாமே இருந்தது. பதினொரு மணிக்குப் பத்திரிகை ஆசிரியரிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. அதற்கு இரண்டு சுற்று கழித்துத்தான் அவள் திரையில் அந்த வண்டியை ஏழாவது வளைவில் விழாமல் திருப்பினாள். அதாவது பதினொன்று ஐந்து. அப்பா அதைப் பார்த்தாரா, அதற்கு முன்பே போய்விட்டாரா? இதை அண்ணனிடம் எப்படிச் சொல்வது? சொன்னால், உனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்பான். டாக்டர் பதினொன்று என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டுப் போனார்.

அப்பாவின் வேலையைப் பற்றிச் சொல்லாவிட்டால் இது புரியாது. முப்பத்தோரு வருஷம் அவர் வண்டி ஓட்டும் உரிமத்துக்குத் தேர்வு வைக்கும் அதிகாரியாக இருந்தார். ஊரில் அவருக்குப் பெயில் சார் என்று பெயர். மோட்டார் சைக்கிளுக்கு எட்டுப் போடச் சொல்லிவிட்டு மரத்தடியில் நிற்பார். காருக்கென்றால் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொள்வார். அந்தக் காரில் அவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். தப்புச் செய்தால் திட்டுவார். சரியாகச் செய்தால் ஒன்றும் சொல்லமாட்டார். "சரியா ஓட்டினா நான் எதுக்குப் பேசணும்?" என்பது அவர் கட்சி. வீட்டிலும் அதே கட்சிதான். ருசியாக இருந்தால் பேசாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போவார். உப்புக் குறைந்தால் மட்டும் வாய் திறக்கும்.

அந்த இரண்டாவது பிரேக் அவர் காலோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. பேருந்தில், ஆட்டோவில், யார் ஓட்டினாலும் அவருடைய வலது கால் தரையை மிதித்துக்கொண்டே வரும். அம்மா உயிரோடு இருந்தவரை, அவள் கார் ஓட்டும்போது மட்டும் மிதிக்கமாட்டார். காலைப் பின்னிக்கொண்டு தூங்கிவிடுவார். அம்மாவை முதல் தடவையிலேயே பாஸ் போட்டவர் அவர்தான். பாஸ் போட்ட பிறகுதான் பெண் கேட்டுப் போனார். "இல்லேன்னா லஞ்சம்னு பேசுவாங்க" என்று அதை ஒரு பெருமையாகவே சொல்லுவார்.

பெற்ற பிள்ளைக்கு அந்தக் கருணை கிடைக்கவில்லை. அண்ணனை மூன்று தடவை பெயில் போட்டார். அதைப் பார்த்துவிட்டுச் சின்னவள் அந்தப் பக்கமே போகவில்லை. அவர் ஓய்வு பெற்றபிறகு போய் வாங்கியிருக்கலாம். ஆனால் அப்படி வாங்கினால் அது கொல்லைப்புற வழியாக நுழைந்த மாதிரி இருக்கும் என்று தோன்றியது. முப்பத்தொன்பது வயதில் இன்னும் பேருந்தில் போய்க்கொண்டிருக்கிறாள். பிழைப்போ, வீடியோ விளையாட்டுகளைப் பற்றி எழுதுவது. புதிதாக ஒன்று வந்ததும் இரண்டு நாள் ஆடிப் பார்த்து 'முதல் பார்வை' என்று ஒரு கட்டுரை தரவேண்டும். இந்தத் தடவை வந்தது மோட்டார் சைக்கிள் பந்தயம்.

"உனக்கு நிஜ வண்டியே ஓட்டத் தெரியாதே. நீ என்னன்னு எழுதுவே?" என்று கேட்டார் அப்பா. இதயம் பாதி வேலைதான் செய்கிறது, பேச்சைக் குறையுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்பா பேச்சைத் தவிர மற்ற எல்லாவற்றையும் குறைத்திருந்தார்.

காலை எட்டரைக்கு ஆரம்பித்தாள். ஒன்பதரை வரை அது தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டிருந்தது. பிறகு பயிற்சிச் சுற்று என்று ஒன்றைப் போட்டது. தாண்டிப் போகவும் விடவில்லை. வண்டியை எப்படிக் கிளப்புவது என்று ஒரு குரல் ஐந்து நிமிஷம் பாடம் நடத்தியது. ஏழாவது வளைவை எப்படித் திருப்புவது என்று மட்டும் மூச்சு விடவில்லை. நீண்ட நேர்ச்சாலை முடிந்ததும் கொண்டை ஊசிபோல் மடங்குகிற வளைவு அது. முதல் சுற்றில் விழுந்தாள். இரண்டாவதிலும் விழுந்தாள். விழுந்தால் ஒரு பித்தானை அழுத்தி ஐந்து விநாடி பின்னால் போய் விழாத மாதிரி ஓட்டலாம். அவள் அழுத்தினாள்.

"என்ன அது?" என்றார் பின்னால் நாற்காலியில் இருந்த அப்பா.

"பின்னால போயிட்டு மறுபடியும் ஓட்டறதுப்பா. எல்லா கேம்லயும் உண்டு."

"விழுந்துட்டு விழலேன்னு சொல்றதா? அப்போ பிரேக் எதுக்கு வெச்சிருக்கான்? அதை அணை முதல்ல."

அணைத்தாள். ஏன் அணைத்தாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. அதன் பிறகு விழுந்தால் விழுந்ததுதான். சுற்றை முதலிலிருந்து ஓட்டவேண்டும்.

அப்பா தம்முடைய முதல் பார்வையைத் தவணை தவணையாகச் சொல்லிக்கொண்டே வந்தார். கண்ணாடியே இல்லாமல் இத்தனை பேர் எப்படி ஓட்டுகிறார்கள்? ஒருத்தனும் கை காட்டுவதில்லை. சாலையில் ஒரு நாய்கூடக் குறுக்கே வரவில்லை, இது என்ன ஊர்? அந்தப் பச்சைச் சட்டைக்காரன் வேண்டுமென்றே இடிக்கிறான், அவனை முதலில் உள்ளே தூக்கிப் போடவேண்டும். நடுநடுவே மூச்சு வாங்கினார். வாங்கிவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். வளைவு நெருங்கும்போதெல்லாம் போர்த்தியிருந்த கம்பளிக்குள் வலது கால் நீளும். தரைவிரிப்பை மிதிக்கும். வழவழப்பான தரையில் விரிப்பு ஒரு சாண் முன்னால் நகரும். அவள் எழுந்து அதைப் பின்னால் இழுத்துப் போடுவாள்.

"சாயறதுக்கு முன்னாடி பிரேக்கை முடிச்சுடு. சாஞ்சுக்கிட்டே பிடிக்காதே."

"இதுல பிரேக் சரியில்லப்பா. லேசா தொட்டாலே வழுக்குது."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்."

விழுந்தாள். மறுபடி விழுந்தாள். ஒரு தடவை அந்தப் பச்சைச் சட்டைக்காரன் இடித்துத் தள்ளினான். அவளுக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. மாலைக்குள் கட்டுரை போகவேண்டும். இன்னும் முதல் பந்தயத்தையே முடிக்கவில்லை. அப்போதுதான் அப்பா அதைச் சொன்னார், சாதாரணமாக, நாளிதழில் படித்ததைச் சொல்வது மாதிரி:

"இந்தப் பயத்துலதான் நீ டெஸ்டுக்கே வரல."

அவள் எழுந்து திரும்பினாள். விரிப்பைப் பிடித்து வெடுக்கென்று பின்னால் இழுத்தாள்.

"அப்பா, தயவுசெஞ்சு கொஞ்ச நேரம் வாயை மூடிட்டு இருக்கீங்களா? நான் வேலை பாக்கறேன். விளையாடல. எனக்கு இது வேலை."

அவர் அவளையே பார்த்தார். பிறகு, "ம்," என்றார்.

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. அவள் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். விழுந்தாள், மணலுக்குள் போனாள், விழுந்தாள். பின்னாலிருந்து ஒரு சத்தமும் இல்லை. என்ன நிம்மதி என்று நினைத்தாள். ஆம், அப்படித்தான் நினைத்தாள். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? ஆசிரியரின் குறுஞ்செய்தி வந்தது. ஓரக்கண்ணால் படித்துவிட்டு ஓட்டினாள். இரண்டாவது சுற்றில், நேர்ச்சாலையின் முடிவில், எப்போதையும்விட முன்னதாகவே பிரேக்கைப் பிடித்து, முழுக்க விட்டுவிட்டு, அப்புறம் சாய்த்தாள். வண்டி சொன்னபடி கேட்டது. பச்சைச் சட்டைக்காரன் வெளிப்பக்கம் எங்கேயோ போய்விட்டான்.

"பாத்தீங்களா?" என்று திரும்பாமலே கத்தினாள்.

பதில் இல்லை. வீம்பு, என்று நினைத்தாள். இல்லையென்றால், சரியாகச் செய்ததால் பேசவில்லை. இரண்டில் எதுவானாலும் அவருக்கு அது வழக்கம்தான். அவரை எப்படியாவது பேசவைத்துவிடவேண்டும் என்று அதே வளைவை இன்னும் பலமுறை திருப்பினாள். ஒவ்வொன்றும் முந்தியதைவிட நன்றாக வந்தது. கடைசியில் ஒருமுறை வேண்டுமென்றே தாமதமாகப் பிரேக் பிடித்தாள். அதற்கும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. அப்போதுதான் ஆட்டத்தை நிறுத்திவிட்டுத் திரும்பினாள்.

இடுப்புவரை கம்பளி மூடியிருந்தது. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. கண் பாதி திறந்திருந்தது, திரையைப் பார்த்தபடி.

அண்ணன் அடுத்த தெருவிலிருந்து அண்ணியோடு ஓடி வந்தான். டாக்டருக்குக் கதவு திறக்க அவள் கீழே இறங்கிப் போனாள். அந்த இடைவெளியில் அண்ணனும் பக்கத்து வீட்டுக்காரரும் அப்பாவை நாற்காலியிலிருந்து தூக்கிக் கட்டிலில் கிடத்திவிட்டார்கள்.

டாக்டர் போனதும் அவள் முதலில் தேடியது தரைவிரிப்பைத்தான். வாயை மூடச் சொன்னபோது நாற்காலிக்கு அடியில் வரை இழுத்துப் போட்டாளே. இப்போது அது மூன்று சாண் முன்னால் இருந்தது. மண்டியிட்டுக் கையால் அளந்தாள். மூன்று சாண் என்றால் மூன்று வளைவு. அந்த மூன்று வளைவுக்கும் அவர் மிதித்திருக்கிறார். அப்படியானால் அதற்கடுத்த...

"நான்தாம்மா தள்ளிவிட்டேன்," என்றாள் அண்ணி, கையில் இரண்டு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு. "அவரைத் தூக்கும்போது காலைத் தடுக்கிச்சு."

சின்னவளுக்கு அந்தக் கணத்தில் அண்ணியைக் கொன்றுவிடலாம் போல இருந்தது. "எவ்வளவு தூரம் தள்ளினீங்க?"

"அளந்தா தள்ளுவாங்க? எந்திரி, ஆளுங்க வருவாங்க."

ஆட்கள் வந்தார்கள். பெயிலானவர்கள்தான் அதிகம் வந்தார்கள் என்று தோன்றியது. ஒவ்வொருவரும் எத்தனை தடவை பெயிலானோம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். தொலைக்காட்சியின் மேல் யாரோ ஒரு படுக்கை விரிப்பைப் போட்டு மூடியிருந்தார்கள். ஆனால் அணைக்கவில்லை. அண்ணன் அணைக்கப் போனபோது, முழுப் பந்தயமும் முடியாமல் அணைத்தால் ஓட்டிய சுற்றெல்லாம் அழிந்துவிடும் என்று அவள்தான் தடுத்தாள். அந்த விளையாட்டின் ஆயிரத்தெட்டுக் குறைகளில் அதுவும் ஒன்று. அண்ணன் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்ந்தான்.

இரண்டு மணிவாக்கில் பருத்த உடம்புக்காரர் ஒருவர் தேம்பிக்கொண்டே வந்து சோபாவில் தொப்பென்று உட்கார்ந்தார். படுக்கை விரிப்புக்குப் பின்னாலிருந்து ஓர் இஞ்சின் வீறிட்டு உறுமியது. கூடமே நடுங்கிப்போயிற்று. ஆட்டத்தை இயக்கும் கைப்பிடி அவருக்கு அடியில் இருந்தது. அவர் பதறி எழுந்தார். எழுந்த வேகத்தில் இன்னொரு பித்தான் அழுந்த, கூட்டம் ஆரவாரம் செய்கிற ஓசை வந்தது. சின்னவள் ஓடிப்போய்க் கைப்பிடியைப் பிடுங்கினாள். யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள்.

"இப்பவாவது அதை அணைச்சுத் தொலையேன்," என்றான் அண்ணன் அடிக்குரலில். "காலையிலேர்ந்து அதையே கட்டிக்கிட்டு அழற. அப்பாவுக்கு அழுதியா நீ?"

அழவில்லை என்பது அவளுக்குத் தெரியும். அழுகை வருவதற்கு முன்னால் எரிச்சல் வந்து வழியை அடைத்துக்கொண்டிருந்தது. அந்த விளையாட்டின் மேல் எரிச்சல், டாக்டரின் மேல், விரிப்பைத் தள்ளிய அண்ணியின் மேல். முக்கியமாக, உள்ளே படுத்திருக்கிற மனிதர் மேல். வாயை மூடு என்று எத்தனை பேர் எத்தனை தடவை சொல்லியிருப்பார்கள்! ஒரு தடவையாவது கேட்டாரா? இன்றைக்குப் பார்த்துக் கேட்கவேண்டுமா?

சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டபோது ஆசிரியர் கூப்பிட்டார்.

"என்னங்க, முடிச்சிட்டீங்களா?"

"அப்பா இறந்துட்டார் சார். காலையில."

"அய்யோ. நீங்க எதையும் யோசிக்காதீங்க. அடுத்த வாரம் பாத்துக்கலாம்." வைக்கப்போகிறார் என்று நினைத்தாள். அவர் தயங்கினார். "தப்பா நினைச்சுக்காதீங்க. இங்க எல்லாரும் பத்துக்கு எத்தனைன்னு கேட்டு உயிரை எடுக்கறாங்க. மார்க் மட்டும் ஒண்ணு சொன்னீங்கன்னா..."

"தெரியல சார்," என்றாள். "இன்னும் மார்க் வரல."

அவருக்கு அது புரிந்திருக்காது. மரியாதையாக வைத்துவிட்டார்.

தண்ணீர் குடித்துவிட்டு வெளியே வந்தாள். சோபாவில் உட்கார்ந்த பருத்த உடம்புக்காரர் சமையலறை வாசலிலேயே குற்றவாளிபோல் நின்றிருந்தார்.

"மன்னிச்சுக்கம்மா. தெரியாம உக்காந்துட்டேன்."

"பரவாயில்லைங்க. நீங்க எத்தனை தடவை பெயில்?"

"நான் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி வெச்சிருக்கேம்மா. என் பசங்களை ஆயிரம் பேரைப் பெயில் போட்டிருக்கார்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கார் டெஸ்டுன்னா நான் பின் சீட்ல உக்காருவேன். உங்கப்பா வாயால பாஸ்னு சொல்லி நான் கேட்டதே இல்ல. ஆபீசுக்குப் போய் எழுதிக் குடுத்தாத்தான் தெரியும். ஆனா எனக்கு மட்டும் முன்னாடியே தெரிஞ்சிடும்."

"எப்படி?"

"காலைப் பாப்பேன். பிரேக் மேலயே வெச்சிருப்பாரில்ல? ஓட்டறவன் தேறிட்டான்னு வெச்சுக்கங்க, காலை எடுத்துப் பின்னிக்குவார். அப்புறம் கடைசிவரைக்கும் பிரிக்கமாட்டார். பின்னாடியிருந்து நான் பையன் தோளைத் தட்டிடுவேன், 'போடா, பாஸ்'னு." அவர் சிரிக்கப் பார்த்தார், வாய் கோணிக்கொண்டது.

சின்னவள் நாற்காலியைப் பார்த்தாள். கம்பளியை யாரோ மடித்து அதன் மேல் வைத்திருந்தார்கள். அவள் திரும்பியபோது அது இடுப்பிலிருந்து பாதம் வரை மூடியிருந்தது. அவள் தொட்டது அவர் கையை, கன்னத்தை, கழுத்தை. காலை யார் பார்த்தார்கள்? நாலடி தூரத்தில் அவள் இருந்தாள். நாலு அங்குலத்தில் குனிந்துகூடப் பார்த்தாள். அந்தக் கம்பளியை மட்டும் தூக்கிப் பார்க்கவில்லை.

அறைக்குள் போனாள். அப்பா நேராகக் கிடத்தப்பட்டிருந்தார், இரண்டு பாதமும் பக்கத்தில் பக்கத்தில், ஒழுங்காக. எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்திவிடுகிறார்கள் இந்த மனிதர்கள். அவள் அந்தப் பாதங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். வலது பாதத்தின் அடியில், கட்டைவிரலுக்குக் கீழே, தோல் காய்த்துப் போயிருந்தது.

நாலு மணிக்கு வண்டி வந்தது. அப்பாவை ஏற்றினார்கள். இருந்தவர்களில் பாதிப் பேர் மோட்டார் சைக்கிளில் பின்னால் வரத் தயாரானார்கள். ஒருத்தர் தலைக்கவசம் போடாமல் கிளப்பப் போய், எதையோ நினைத்துக்கொண்டு இறங்கி எடுத்து மாட்டிக்கொண்டார். அண்ணி வேறு யாரோடோ ஏறிக்கொண்டாள். சின்னவள் அண்ணனின் காரில் முன்னிருக்கையில் உட்கார்ந்தாள்.

வண்டி முன்னால் போக, அண்ணன் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ஓட்டினான். ரொம்ப நெருக்கமாகப் போனான். அந்தக் காலத்தில் மூன்று தடவை பெயிலானதற்குக் காரணம் இல்லாமல் இல்லை.

"நான் அப்படியெல்லாம் பேசியிருக்கக் கூடாது," என்றான் கொஞ்ச தூரம் போனபிறகு. "நீ மட்டும் இல்லேன்னா இந்த ரெண்டு வருஷம் அவரை யாரு பாத்திருப்பா?"

அவள் முன்னால் போன வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கஷ்டப்படாமத்தான் போயிருக்கார். டாக்டரும் அதான் சொன்னார். மூச்சுக்குத் தவிச்ச மாதிரியே தெரியல. காலைப் பின்னிக்கிட்டு சொகுசா உக்காந்திருந்தார். வீங்கின கால், அதுல கம்பளி வேற சுத்திக்கிச்சு. பிரிச்சு எடுக்கறதுக்குள்ள எனக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் போதும் போதும்னு ஆயிடுச்சு."

அவள் தலையைத் திருப்பி அவனைப் பார்த்தாள்.

"என்ன?" என்றான்.

"பின்னிக்கிட்டா?"

"ஆமா. ஏன்?"

"நல்லா ஞாபகம் இருக்கா?"

"நான்தானே பிரிச்சேன்? வலது கால் மேல இருந்துச்சு. என்னாச்சு உனக்கு? ஏய், என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல. நீ ரோட்டைப் பாரு. தள்ளிப் போ கொஞ்சம்."

அவன் வேகத்தைக் குறைத்தான். சாலை நீளமாக நேராகப் போய், கோடியில் சட்டென்று இடது பக்கம் மடங்கியது. முன்னால் போன வண்டியின் பின்புறத்தில் பிரேக் விளக்கு எரிந்தது, வளைவுக்கு நல்ல தூரம் இருக்கும்போதே. பிறகு அணைந்தது. அதற்கப்புறம்தான் வண்டி திரும்பியது, குலுங்காமல்.